மணலுக்கடியில் ஒரு தம்ம பூமி



நம்மைப் பார்த்துப் பிறர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “நேற்றுத்தானே நீங்கள் பௌத்தர் ஆனீர்கள்? உங்களுக்குச் சரித்திரம் ஏது?” என்பதே அது. இதற்கு நம்மவருள் சிலர் விடை கூறாது வாளா இருந்துவிடுகின்றனர். வேறு சிலர், வாதத்தில் வென்றுவிட வேண்டும் என்னும் ஆவலால், கண்ட கல்லையெல்லாம் புத்தர் சிலை என்றும், கேட்ட கதையையெல்லாம் பௌத்த வரலாறு என்றும் கூறிவிடுகின்றனர். இவ்விரண்டும் நல்ல வழி ஆகா. மறைந்த சரித்திரத்தைத் தேடுவது எவ்வாறு, தேடிக் கண்டதைச் சோதிப்பது எவ்வாறு, சோதித்துக் கொண்டதைக் காப்பது எவ்வாறு என்னும் மூன்றையும் நாம் முறையாகக் கற்றல் வேண்டும். அதன் பொருட்டு இப்பாடத்தில் ஒரு தூர தேசத்துக்கு மனத்தால் யாத்திரை செய்வோம். ஒரு காலத்தில் தம்மம் தழைத்தோங்கி, பின்னர் அத்தம்மம் இருந்தது என்னும் நினைவே அழிந்து, மீண்டும் மண்ணுக்கடியிலிருந்து சரித்திரம் வெளிப்பட்ட நாடு அது.

1. நாட்டின் இயல்பு

லடாக்குக்கு வடக்கே காரகோரம் மலைகளையும் குன்லுன் மலைகளையும் கடந்தால், தக்லமகான் என்னும் பாலைவனம் தென்படும். இன்று அது சீன நாட்டின் சின்ஜியாங் பகுதியில் அடங்கியுள்ளது. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளமும், தெற்கு வடக்காக 400 கிலோமீட்டர் அகலமும் கொண்ட மணற்கடல் அது. நமது தமிழ்நாட்டைப் போல் இரண்டரை மடங்கு பரப்புடையது. தெற்கே குன்லுன், மேற்கே பாமிர், வடக்கே தியான்ஷான் என மூன்று புறமும் பனிமலைகள் சூழ்ந்து நிற்கின்றன. மழை மேகம் அம்மலைகளைத் தாண்டி உள்ளே வருவது மிக அரிது.

அவ்வாறாயின் அங்கே மனிதர் வாழ்ந்தது எங்ஙனம்? மலைப்பனி உருகி ஆறுகளாக இறங்குகின்றது. அவ்வாறுகளுட் பல சிறிது தூரம் ஓடி மணலில் மறைந்துவிடுகின்றன. அவை மறைவதற்கு முன் வாய்க்கால் வெட்டி நீரைத் திருப்பிய இடங்களில் ஊர்கள் தோன்றின. தென்புறத்து வழியில் யார்க்கண்டு, கோத்தன், நியா முதலிய ஊர்களும், வடபுறத்து வழியில் கூச்சா, துர்பான் முதலிய ஊர்களும் அவ்வாறு எழுந்தவை. மேற்கே காஷ்கரில் பிரிந்த அவ்விரு வழிகளும் கிழக்கே துன்ஹுவாங் என்னும் எல்லையூரில் வந்து கூடின. சீனத்துப் பட்டு மேற்கே சென்றதும், பகவான் புத்தரின் தம்மம் இந்தியாவிலிருந்து கிழக்கே சென்றதும் இவ்வழிகளின் மூலமாகவே ஆகும்.

2. நடந்து சென்றவர்கள் எழுதி வைத்தவை

கி. பி. 399ஆம் ஆண்டில் பாஹியான் என்னும் சீனப் பிக்கு சாங்கான் நகரத்திலிருந்து புறப்பட்டார். தம் நாட்டில் விநய நூல்கள் குறைபாடாக இருப்பதைக் கண்டு வருந்தி, முழு நூல்களையும் இந்தியாவிலிருந்து கொண்டுவருதல் வேண்டும் என்று உறுதி பூண்டவர் அவர். துன்ஹுவாங்குக்கு மேற்கே 17 நாள் மணலில் நடந்தார். வானத்தில் பறவையும் தரையில் விலங்கும் இல்லாத அவ்வழியில், முன்னர் மாண்டவர்களின் எலும்புகளே வழிகாட்டும் அடையாளங்களாக இருந்தன என்று குறித்துள்ளார்.

அத்துணைத் துன்பத்திற்குப் பின் கோத்தன் நாட்டை அடைந்த அவர் கண்டது யாது? வீடுதோறும் வாயிலின் முன் ஒரு சிறு தூபி. கோமதி என்னும் ஒரே விகாரத்தில் 3,000 பிக்குகள். வழிப்போக்கராக வரும் பிக்குகளுக்கென்றே தங்கும் அறைகள். ஆண்டுதோறும் நடந்த திருவுருவ ஊர்வலத்தின்போது அரசன் தன் மகுடத்தைக் கழற்றி வைத்து, வெறுங்காலுடன் எதிர்கொண்டு வந்து மலர் தூவினான். அவ்விழாவைக் காண்பதற்காகவே பாஹியான் அங்கு மூன்று மாதம் தங்கினார்.

அவருக்குப் பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து யுவான் சுவாங் வந்தார். எல்லை தாண்டக் கூடாது என்னும் அரச ஆணையை மீறி, பொதுவாக 629 என்று கூறப்படும் ஆண்டில், அவர் தனியே புறப்பட்டார். பாலையின் நடுவே தண்ணீர்த் தோற்பை கைதவறிக் கவிழ்ந்துவிட்டது. திரும்பிச் சென்றுவிடலாம் என்று சிறிது தூரம் கிழக்கு நோக்கி நடந்தார். இந்தியாவை அடையாமல் ஓர் அடியும் கிழக்கே வைப்பதில்லை என்று தாம் செய்த உறுதி நினைவுக்கு வரவே, மீண்டும் மேற்கே திரும்பினார். நான்கு இரவும் ஐந்து பகலும் நாவில் ஒரு துளி நீர் படவில்லை. இறுதியில், அவ்வழியில் பலமுறை சென்று பழகிய அவருடைய கிழட்டுக் குதிரையே வேறு திசையில் திரும்பி, புல்லும் நீரும் உள்ள இடத்திற்கு அவரைக் கொண்டு சேர்த்தது.

துர்பான் அரசனோ அவரைத் தன் நாட்டிலேயே குருவாக நிறுத்திக்கொள்ள விரும்பி, செல்லவிடாது தடுத்தான். யுவான் சுவாங் மூன்று நாள் உணவு கொள்ளாது இருந்தார். அதன் பின்னர் அரசன் மனம் இரங்கிப் பொருளும் துணையும் தந்து அனுப்பினான். 645இல் 657 நூல்களுடன் அவர் தாய்நாடு திரும்பினார். அடுத்த ஆண்டில், தாம் கண்ட நாடுகளையும் கேட்டறிந்த நாடுகளையும் பற்றிய விவரங்களை நூலாக்கினார். எந்த நாட்டிலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தூரம், அங்கே எத்தனை விகாரங்கள், எத்தனை பிக்குகள், எந்தப் பிரிவினர், மக்கள் சொல்லும் பழங்கதை யாது என்று ஒழுங்காகக் குறித்துச் செல்வது அவர் முறை. நமது காஞ்சிபுரத்தைப் பற்றியும் அவ்வாறே அந்நூலில் காண்கிறோம். அங்கே நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களும் பதினாயிரம் பிக்குகளும் இருந்தனர் என்றும், அவர்கள் ஸ்தவிர நெறியினர் என்றும் அவர் எழுதியுள்ளார்.

3. மறதி

நூற்றாண்டுகள் சென்றன. ஏறத்தாழ 1006ஆம் ஆண்டில் கோத்தன் அரசு வீழ்ந்து, காஷ்கரைச் சேர்ந்த காராகானிய மன்னர்களின் ஆட்சிக்கு உட்பட்டது. மக்கள் படிப்படியாக இஸ்லாம் சமயத்தைத் தழுவினர். வடக்கே துர்பானில் பௌத்தம் இன்னும் நானூறு ஆண்டுகள் அளவு நிலைத்திருந்து, பின்னர் அங்கும் மறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டு மக்கள் தம் முன்னோர் வணங்கியது யாரை என்று அறியார். மணலிலிருந்து மண்ணுருவங்கள் வெளிப்பட்டால், புதையல் தேடுவோர் அவற்றை உடைத்துப் பொன் உண்டா என்று பார்த்துவிட்டுச் செல்வர்.

வெளியுலகிலும் நினைவு இல்லை. யுவான் சுவாங்கின் நூல் சீனத்தில் போற்றப்பட்டது. எனினும் அவர் கூறிய ஊர்கள் எவை, எங்கே என்று நேரிற் சென்று காட்டுவார் இல்லை.

1890ஆம் ஆண்டில், கூச்சாவில் பவர் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியிடம் பூர்ஜப் பட்டையில் எழுதிய ஒரு பழஞ்சுவடி விலைக்கு வந்தது. கல்கத்தாவிலிருந்த ஹோர்ன்லே என்னும் அறிஞர் அதனைப் படித்து, பிராமி எழுத்தில் எழுதப்பட்ட மருத்துவ நூல் முதலியவை அதில் உள்ளன என்று அறிவித்தார். 1892இல் பிரெஞ்சு யாத்திரிகர் ஒருவர் கோத்தனில் வேறொரு சுவடியின் பகுதியை வாங்கினார். அச்சுவடியின் மற்றொரு பகுதி ருஷிய நாட்டுக்குச் சென்றது. அது யாது தெரியுமா? நாம் காலைதோறும் ஓதும் தம்மபதமே! பாலியில் அன்றி, காந்தார நாட்டுப் பிராகிருதத்தில், கரோஷ்டி எழுத்தில் எழுதப்பட்ட தம்மபதம் அது. கி. பி. முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என அறிஞர் கருதுகின்றனர். பிரிந்துபோன இரு பகுதிகளையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்து, ஜான் பிரௌ என்பவர் 1962இல் முழுமையாக வெளியிட்டார்.

4. பொய்ச் சுவடிகள்

இவ்விடத்தில் நம் பாடத்தின் முக்கியமான பகுதி வருகின்றது.

பழஞ்சுவடிகளுக்கு ஐரோப்பிய அதிகாரிகள் பணம் தருகிறார்கள் என்னும் செய்தி கோத்தனில் பரவிற்று. இஸ்லாம் அக்கூன் என்னும் ஒருவன், பாலையில் அலைந்து தேடுவதைவிட வீட்டிலிருந்தே செய்துவிடுவது எளிது என்று கண்டான். தாளைச் சாயத்தில் தோய்த்து, பழைய எழுத்தைப் பார்த்து முதலில் சிரமப்பட்டு எழுதினான். வாங்குவோரால் அவ்வெழுத்தைப் படிக்க முடியவில்லை என்று தெரிந்த பின், தன் மனம்போன போக்கில் கிறுக்கினான். அதுவும் போதாதபோது மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தான். தாளைப் புகையில் தொங்கவிட்டுப் பழுப்பேற்றினான். இடையிடையே பாலைவன மணலையும் தூவினான். இச்சுவடிகள் பெரிய நகரங்களின் நூலகங்களை அடைந்தன. அவற்றில் உள்ளது இதுவரை அறியப்படாத ஒரு மொழி என்று நினைத்து அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். பவர் சுவடியைத் திறம்படப் படித்த ஹோர்ன்லேயும் இதில் ஏமாந்தார்.

இதனை வெளிப்படுத்தியவர் ஆரல் ஸ்டைன். 1862இல் ஹங்கேரி நாட்டில் பிறந்து, சமஸ்கிருதம் கற்று, லாகூரில் கீழ்த்திசைக் கல்லூரியின் தலைவராகப் பணி செய்தவர். அவர் 1900இல் தாமே பாலைவனத்துக்குள் சென்று, தாமே தோண்டினார். மெய்யான சுவடிகள் பல கிடைத்தன. ஆனால் அக்கூன் விற்ற அந்த ‘அறியப்படாத எழுத்தில்’ ஒரு துண்டும் எவ்விடத்திலும் கிடைக்கவில்லை. 1901இல் கோத்தன் திரும்பி, அவனை அழைப்பித்து வினவியபோது, முதலில் மறுத்தவன் இறுதியில் செய்த சூழ்ச்சி முழுவதையும் ஒப்புக்கொண்டான்.

ஏமாந்தவர்கள் கல்வியில் குறைந்தவர்களா? அல்லர். கிடைக்க வேண்டும் என்று விரும்பிய பொருள் கிடைத்தவுடன், அது கிடைத்த இடம் எது, எடுத்தவர் யார், உடன் இருந்தவை யாவை என்று நேரிற் சென்று சோதிக்காமற்போனதே அவர்கள் செய்த பிழை. கேள்விப்பட்டது என்பதற்காகவோ, நூலில் உள்ளது என்பதற்காகவோ ஒன்றை ஏற்றுவிடற்க என்று காலாமர்களுக்குப் பகவான் அருளிய அறிவுரை, நமக்கு விருப்பமான செய்திக்கும் பொருந்தும் என்பதை மறவாதீர்கள். நம் பெருமையைக் கூறும் செய்தி வரும்போதுதான் நாம் கூடுதலாக விழித்திருத்தல் வேண்டும்.

5. நூலைக் கையில் ஏந்திச் சென்ற யாத்திரை

ஸ்டைன் தம் வழிகாட்டியாகக் கொண்டது யுவான் சுவாங்கின் நூலை. அதில் கூறிய தூரத்தையும் திசையையும் தரையோடு ஒப்பிட்டுக்கொண்டே சென்றார். மணலில் வழி அறிந்தவர் உள்ளூரிலேயே இருந்தனர். எழுத்தறியாத முதியவர் துர்தி, புதையல் தேடிப் பல்லாண்டு அலைந்தவர், கோத்தனுக்கு வடகிழக்கே மணலில் கிடந்த தந்தான் ஒயிலிக் என்னும் பாழூருக்கு அவரை அழைத்துச் சென்றார். அது 1900ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கோடையில் அம்மணலில் கால் வைத்தல் அரிது. ஆகவே கடுங்குளிர்க் காலத்தையே தேர்ந்தெடுத்தனர்.

அப்பாழூரில் சிறு கோயில்களின் சுவர்களும், அவற்றின் அடியில் காணிக்கையாகச் சார்த்தி வைக்கப்பட்ட வண்ணம் தீட்டிய மரப்பலகைகளும் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில், எலியின் தலையுடன் கூடிய ஓர் உருவம் சிறப்புடன் வீற்றிருந்தது. யுவான் சுவாங் கோத்தனைப் பற்றி எழுதிய ஒரு கதை அப்போது நினைவுக்கு வந்தது. பகைவர் படையெடுத்து வந்தபோது, எலிகள் இரவோடு இரவாக அவர்களுடைய குதிரைச் சேணங்களையும் வில் நாண்களையும் கடித்தெறிந்து நாட்டைக் காத்தன என்பதே அக்கதை. வேறொரு பலகையில், உயர்ந்த தலையணி அணிந்த அரசகுமாரி ஒருத்தி. தோழி ஒருத்தி அத்தலையணியைச் சுட்டிக் காட்டுகின்றாள். அருகே பட்டுப்புழுக் கூடுகள் நிறைந்த கூடை. சீனத்திலிருந்து மணமகளாக வந்த ஓர் அரசகுமாரி, தன் தலையணியில் பட்டுப்பூச்சியின் முட்டைகளை ஒளித்துக் கொண்டுவந்து கோத்தனுக்குத் தந்தாள் என்று யுவான் சுவாங் எழுதியிருந்தார்.

எலிகள் நாட்டைக் காத்தன என்பது இதனால் உண்மையாகிவிட்டதா? இல்லை. அக்கதைகளை அந்நாட்டு மக்கள் சொல்லி வந்தனர் என்பதும், அதனை யுவான் சுவாங் கேட்டவாறே எழுதினார் என்பதுமே உறுதிப்பட்டன. சான்று எவ்வளவு கூறுகின்றதோ அவ்வளவே நாம் கொள்ளுதல் வேண்டும்.

6. மரப்பலகைகள் கூறிய செய்தி

1901 ஜனவரியில் ஸ்டைன் நியா ஆற்றின் கரை வழியே வடக்கு நோக்கிச் சென்றார். உள்ளூர்வாசி ஒருவர் முந்திய ஆண்டு புதையல் தேடியபோது எழுத்துள்ள மரப்பலகைகளைக் கண்டெடுத்து, பயனற்றவை என்று எண்ணிச் சிலவற்றை வழியில் எறிந்து, சிலவற்றைத் தம் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்திருந்தார். அவற்றின் எழுத்து கரோஷ்டி! மாமன்னர் அசோகர் ஷாபாஸ்கரியிலும் மான்சேராவிலும் தம் தரும சாசனங்களைப் பொறித்த அதே எழுத்து. மொழியோ காந்தாரத்துப் பிராகிருதம். இந்தியாவின் எழுத்தும் மொழியும் பாமிருக்கு அப்பால், சீனத்தின் வாயிலில், அரசாங்க அலுவலுக்குப் பயன்பட்டிருக்கின்றன.

அவர் கண்ட ஊர் மணலில் உறைந்து நின்றது. வீடுகளின் மரத்தூண்கள் நின்றன. பழத்தோட்டங்களில் பட்டுப்போன மரங்கள் வரிசையாக நின்றன. பலகைகள் இரண்டிரண்டாகச் சேர்த்து நூலால் கட்டி, களிமண்ணில் முத்திரை இடப்பட்டிருந்தன. சில முத்திரைகளில் யவன தேவதையின் உருவமும் காணப்பட்டது. பிற்காலத்துப் பயணங்களில் கிடைத்தவற்றையும் சேர்த்து எழுநூற்றுக்கு மேற்பட்ட கரோஷ்டி ஆவணங்கள் அச்சேறின. இவை பெரும்பாலும் மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளுக்கு உரியவை. 1940இல் இவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட தாமஸ் பர்ரோ என்னும் அறிஞரே, பின்னர் எமனோவுடன் சேர்ந்து, 1961இல் திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியையும் வெளியிட்டார் என்பதைத் தமிழ் மக்களாகிய நாம் நன்றியுடன் நினைத்தல் தகும்.

அவ்வாவணங்களில் உள்ளவை யாவை? வரிப் பாக்கி, ஒட்டகக் களவு, நில விற்பனை, அடிமைகள், நீர்த் தகராறு; இத்தகைய வழக்குகளே மிகுதி. பிக்குகளின் பெயர்களும் இடையிடையே வருகின்றன. அவர்களுள் சிலர் நிலம் வைத்திருந்தனர். சிலர் மனைவி மக்களுடன் வாழ்ந்தனர். தலைநகரத்துப் பிக்கு சங்கம் வகுத்த ஒழுங்கு விதிகள் ஒரு பலகையில் உள்ளன. சங்கக் காரியங்களில் கலந்துகொள்ளாத பிக்குவுக்கு ஒரு பட்டுச் சுருள் அபராதம். உபோசதத்துக்கு வராதவருக்கும் அவ்வாறே. உபோசதத்துக்கு இல்லறத்தாரின் உடையில் வந்தாலும் அவ்வாறே. ஒரு பிக்கு மற்றொரு பிக்குவை அடித்தால், அடியின் கடுமைக்கு ஏற்ப ஐந்து, பத்து அல்லது பதினைந்து சுருள்.

இதனைப் படித்து நாம் வெட்கம் அடைதல் வேண்டுமா? நம் பெருமைக்கு இது குறைவு என்று மறைத்துவிட வேண்டுமா? வேண்டுவதில்லை. சட்டம் வகுக்கப்பட்டிருக்கின்றது என்றால், தவறு நடந்திருக்கின்றது என்பது பொருள்; அத்தவறைத் திருத்த முயன்றவர்களும் இருந்தனர் என்பதும் பொருள். நம் சங்கத்தில் பௌர்ணமிக் கூட்டத்துக்கு வருவோர் குறைந்துவிட்டனர் என்று நாம் கவலைப்படுகின்றோம் அல்லவா? ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர், பாலைவனத்தின் ஓரத்தில், அதே கவலையை யாரோ ஒருவர் மரப்பலகையில் எழுதி வைத்திருக்கின்றார். பழங்காலத்தில் எல்லோரும் அரகத்துகளாக இருந்தனர் என்று எண்ணி நாம் மனம் சோர வேண்டா. நம்மைப் போன்றவர்களே அன்றும் தம்மத்தைச் சுமந்தனர்.

7. மூடிய அறை

நியாவுக்குக் கிழக்கே நெடுந்தூரத்தில், பாஹியான் மணலில் இறங்கிய அதே துன்ஹுவாங்கின் அருகில், ‘ஆயிரம் புத்தர் குகைகள்’ உள்ளன. 366ஆம் ஆண்டில் ஒரு பிக்கு அங்கு முதற் குகையைக் குடைந்தார் என்பது மரபு. 1900ஆம் ஆண்டில் அக்குகைகளைப் பாதுகாத்து வந்த வாங் யுவான்லு என்னும் தாவோ சமயத் துறவி, ஒரு குகையின் சுவருக்குப் பின்னால் மூடப்பட்ட சிற்றறை ஒன்றைக் கண்டார். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடைக்கப்பட்ட அவ்வறையில், தரை முதல் மேல் வரை ஏறத்தாழ 50,000 சுவடிகளும் பட்டுச் சித்திரங்களும் அடுக்கப்பட்டிருந்தன.

1907இல் ஸ்டைன் அங்கு வந்தார். வாங் எவரிடத்தும் எளிதில் நம்பிக்கை வைப்பவர் அல்லர். ஆனால் யுவான் சுவாங்கிடம் அவருக்கு அளவிறந்த பக்தி உண்டு. அம்மகானின் அடிச்சுவட்டைப் பின்பற்றியே தாமும் வந்ததாக ஸ்டைன் கூறியது அவர் மனத்தை இளக்கிற்று. சிறு தொகை பெற்றுக்கொண்டு, பெட்டி பெட்டியாகச் சுவடிகளை அவர் கொடுத்துவிட்டார். மறு ஆண்டு பிரெஞ்சு அறிஞர் பெலியோவும் வந்து மிகச் சிறந்தவற்றைத் தேர்ந்தெடுத்துச் சென்றார். இதனைச் சீன மக்கள் கொள்ளை என்றே கருதுகின்றனர். அவர்தம் மனக்குறை நியாயமானதே. அறிவுக்கு நன்மை விளைந்தது என்பதனால், பொருளுக்கு உரியவரின் இழப்பு இல்லாததாகிவிடாது. ஸ்டைன் செய்த பயணங்களுக்கு இந்திய அரசாங்கமும் பொருளுதவி செய்தமையால், அவர் கொணர்ந்தவற்றுள் ஒரு பகுதி புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்நகருக்குச் செல்லும் அன்பர்கள் தவறாது அங்குச் செல்லுதல் வேண்டும்.

அவ்வறையிலிருந்து வெளிப்பட்ட ஒரு நூலை மட்டும் இங்குக் கூறுவோம். அது வஜ்ரச்சேதிகை சூத்திரம். ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள தாட்சுருளில், மரக்கட்டை கொண்டு அச்சிடப்பட்டது. அச்சிட்ட ஆண்டு 868 என்று அதிலேயே உள்ளது. ஆண்டு குறிக்கப்பட்டு இன்றுவரை முழுமையாகக் கிடைத்துள்ள அச்சு நூல்களுள் இதுவே மிகப் பழையது. இதனைச் சீனத்தில் மொழிபெயர்த்தவர் குமாரஜீவர். அவருடைய தந்தை இந்தியர். தாய் பாலைவனத்தின் வடவழியில் உள்ள கூச்சா நாட்டு அரசகுமாரி. நூலின் இறுதியில், வாங் ஜியே என்னும் ஒருவர் தம் தாய் தந்தையரின் பொருட்டு இதனை இலவசமாக வழங்குவதற்காகச் செய்வித்தார் என்னும் குறிப்பு காணப்படுகின்றது. அவர் அரசரும் அல்லர். சரித்திரத்தில் வேறெங்கும் புகழ்பெற்றவரும் அல்லர். பெற்றோர் நினைவாகத் தம்மதானம் செய்த ஒரு மகன், அவ்வளவே. இன்று உலகம் முழுவதும் அவர் பெயரை அறிகின்றது.

8. அழிந்தது ஏன்?

இவ்வளவும் கேட்டவர்கள், “இத்தனை சிறப்புடைய தம்ம பூமியை அழித்தவர் யார்?” என்று சினத்துடன் வினவக்கூடும். சரித்திரத்தை நிதானமாக நோக்குங்கள். நியா ஊர் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளை ஒட்டிக் கைவிடப்பட்டது. தந்தான் ஒயிலிக் எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாழாயிற்று. இஸ்லாமிய மன்னர் கோத்தனை வென்றதோ அதற்கு இருநூறு ஆண்டுகள் பின்னர். நீர் குறைந்தது, ஆறு திசை மாறியது, போர் மூண்டது, வாய்க்காலைக் காக்கும் ஆட்சி தளர்ந்தது, வாணிகர் வேறு வழி சென்றனர், ஆள்வோர் சமயம் மாறினர். இவ்வாறு பல காரணங்கள் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு விதமாகக் கூடின. இது உள்ளபோது அது உண்டாகிறது என்னும் பிரதீத்திய சமுத்பாதத்தைப் படித்த நாம், ஒரே காரணத்தையும் ஒரே பகைவனையும் தேடுதல் தகாது. அந்நாட்டில் இன்று வாழும் மக்கள் அத்தூபிகளை எழுப்பியவர்களின் சந்ததியாரும் ஆவர். அவர்கள்மீது நமக்குப் பகை இல்லை, மைத்ரியே உண்டு.

9. நமக்குரிய பாடம்

தமிழ் நிலத்திலும் இத்தகைய மறதி நிகழ்ந்தது. யுவான் சுவாங் கூறிய காஞ்சியின் நூறு சங்காராமங்கள் இன்று எங்கே? 1856ஆம் ஆண்டு முதல் நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டபோது, அவற்றை ‘எங்கள் முன்னோர் வணங்கியவை’ என்று உரிமை கொண்டாட அவ்வூரில் ஒரு பௌத்தக் குடியும் இருந்ததில்லை. ஸ்டைன் துன்ஹுவாங்கை அடைந்த அதே 1907ஆம் ஆண்டில், அயோத்திதாச பண்டிதர் சென்னையில் ‘தமிழன்’ இதழைத் தொடங்கினார். எளிய மக்களின் பொருளுதவியால் நடந்த இதழ் அது. அதன் பிரதிகளைச் சிலர் போற்றி வைத்திருந்தமையாலேயே, 1999இல் அவர் எழுத்துகள் தொகுதிகளாக வெளிவருதல் இயன்றது. பழந்தாள்தானே என்று அவர்களும் எறிந்திருப்பின், நம் சரித்திரத்தில் ஒரு பெரும் பகுதி நியாவின் பலகைகளைப் போல் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாகிப் போயிருக்கும்.

ஆகவே நாம் செய்யத் தக்கவை மூன்று. முதலாவது, எழுதி வைத்தல். நம் சங்கத்தின் கூட்டக் குறிப்புகள், தீட்சை பெற்றோர் பட்டியல், முதியோர் கூறும் நினைவுகள் ஆகியவற்றை ஆண்டும் நாளும் இட்டு எழுதிப் பாதுகாப்போம். பாஹியானும் யுவான் சுவாங்கும் எழுதாமல் நடந்து மட்டும் சென்றிருந்தால், ஸ்டைனுக்கு வழிகாட்ட நூல் ஏது? இரண்டாவது, சோதித்தல். வயலில் ஒரு பழஞ்சிலை கிடைத்தால், அதனைக் கழுவிப் பூச்சூட்டிப் பெயர் வைப்பதற்கு முன், கிடைத்த இடத்தையும் நிலையையும் குறித்துக்கொண்டு, தொல்பொருள் துறையினருக்கு அறிவிப்போம். அது சமண தீர்த்தங்கரர் என்று தெரியவந்தால், அவ்வாறே ஏற்றுக்கொள்வோம். பொய்ச்சான்று ஒன்று வெளிப்பட்டால், மெய்ச்சான்று பத்தும் ஐயத்துக்கு உள்ளாகும். மூன்றாவது, உபோசதத்தைக் கைவிடாமை. சுவடியும் சிலையும் தம்மம் இருந்தது என்பதற்கே சாட்சி. தம்மம் இருக்கின்றது என்பதற்குச் சாட்சி, பௌர்ணமி நாளில் கூடி அமர்ந்து சீலம் ஏற்கும் மக்களே.

“உங்களுக்குச் சரித்திரம் ஏது?” என்று இனி எவரேனும் கேட்பின், சினமும் வேண்டா, நாணமும் வேண்டா. “எங்கள் சரித்திரத்தில் மணல் மூடிய பகுதி பெரிது. பொறுமையுடன் தேடுகின்றோம்; கண்டதைச் சோதிக்கின்றோம்; இன்று நடப்பதை எழுதியும் வைக்கின்றோம்” என்று அமைதியாக விடை கூறுவோம்.

பயிற்சி வினாக்கள்

1. தக்லமகானில் ஊர்கள் தோன்றியதும் மறைந்ததும் நீரோடு எவ்வாறு தொடர்புடையன?
2. எலித்தலை உருவம் உள்ள பலகையால் உறுதிப்பட்டது யாது? உறுதிப்படாதது யாது?
3. இஸ்லாம் அக்கூனின் சூழ்ச்சியில் கற்றவர்களும் ஏமாந்தது ஏன்?
4. நியாவில் கிடைத்த சங்க விதிகளுள் நம் சங்கத்துக்குப் பொருந்துவன யாவை?
5. உங்கள் வீட்டிலோ ஊரிலோ உள்ள பழைய இதழ், கடிதம், புகைப்படம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அடுத்த பௌர்ணமிக் கூட்டத்துக்குக் கொண்டு வருக.